அட்டவணையில் ஜாகுவாருக்கு ஒரு நாள்

பிரேசிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நண்பர் ஒருவர் பயணத் திட்டத்தை எக்செல்லில் போட்டு எடுத்துவந்து காட்டினார். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கட்டம் கட்டாமல் எதையும் யோசிக்க மாட்டார். மொத்தம் 14 நாள். ரியோ டி ஜெனிரோ மூன்று, இகுவாசு அருவி ஒன்றரை, அமேசானுக்காக மனாவுஸ் இரண்டு, சால்வடோர் இரண்டு, சாவ் பாவ்லோ ஒன்று. மிச்சமெல்லாம் விமானமும் விமான நிலையமும். பதினோராவது வரியில் ‘பந்தனால் – ஜாகுவார் – 1 நாள்’ என்றிருந்தது. அதே வரியின் கடைசிக் கட்டத்தில் ‘கேரண்டி?’

“ஏஜென்ட் கேரண்டின்னுதான் சொல்றார். நம்பலாமா?” என்று கேட்டார்.

நம்பலாமா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு காட்டு மிருகத்தை இன்ன தேதியில் இன்ன இடத்தில் காட்டுகிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் என்னென்ன செய்வார் என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பிரேசிலில் போய் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. இங்கே உட்கார்ந்து கட்டம் நிரப்பும்போதே கேட்க வேண்டும்.

பிரேசில் நம் நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது. 85 லட்சம் சதுர கிலோமீட்டர். பந்தனால் என்ற சதுப்புநிலத்துக்குப் போக மாத்தோ க்ரோஸ்ஸோ மாநிலத்தின் குயாபா நகரில் இறங்கி, பொக்கோனே வரை 100 கி.மீ. தார்ச்சாலையில் போக வேண்டும். அங்கிருந்து ட்ரான்ஸ்பந்தனேய்ரா என்னும் மண்சாலை, ஏறத்தாழ 145 கி.மீ. நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். எல்லாமே மரப்பாலமாக இருந்த காலம் உண்டு. இப்போது பலவற்றைக் கான்கிரீட்டாக மாற்றிவிட்டார்கள். வெயில் காலத்தில் பாலத்துக்குப் பாலம் அடியில் தேங்கிய குட்டையில் கெய்மன் முதலைகள் விறகுக்கட்டை போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஆட்டுக்குட்டியைவிடப் பெரிய எலியான காபிபாரா குடும்பம் குடும்பமாகச் சாலையைக் கடக்கும். ஹாரன் அடித்தாலும் அவசரப்படாது. சாலை போர்ட்டோ ஜோஃப்ரே என்ற இடத்தில், குயாபா ஆற்றங்கரையில், சட்டென்று முடிந்துவிடும். அதற்கு மேல் படகுதான்.

ஜூலை முதல் அக்டோபர் வரை வெள்ளம் வடிந்து நிலம் காயும் பருவம். மிருகங்கள் ஆற்றோரங்களுக்கு வந்து சேரும். இரண்டு மூன்று நாள் காலையிலிருந்து மாலைவரை படகில் இருக்கத் தயாராக இருப்பவருக்கு ஜாகுவார் கண்ணில் படும் வாய்ப்பு உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே அதிகம். ஒரே ஒரு நாளை ஒதுக்கிவிட்டு கேரண்டி கேட்கும்போதுதான் சிக்கல். நம் அவசரம் முழுக்கப் படகோட்டியின் தலையில் ஏறுகிறது.

ஜாகுவாருக்கு அங்கே ‘ஓன்சா’ என்று பெயர். படகு ரேடியோவில் அந்தச் சொல் வந்ததும் சுற்று வட்டாரத்தில் இருக்கும் படகுகளெல்லாம் அந்த ஒரு வளைவுக்குப் பாயும். ஜாகுவார் கரைப் புல்லில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, நீரில் மிதக்கும் கெய்மனைப் பார்த்தபடி அசையாமல் கிடக்கும். அரைமணி நேரம்கூட அப்படிக் கிடக்க அதற்குப் பொறுமை உண்டு. எதிரே பத்துப் பதினைந்து எஞ்சின்கள் உறுமிக்கொண்டு இடம் பிடிக்கும்போது கெய்மன் முங்கிவிடும். ஜாகுவார் எழுந்து, நம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதருக்குள் போய்விடும். அந்தப் பார்வையைத்தான் நாம் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அதற்கு அன்றைய வேட்டை போயிற்று.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் இறைச்சியைப் போட்டுப் போட்டு ஜாகுவாரைப் பழக்குவது. அங்கே அதைச் ‘சேவா’ என்பார்கள். சட்டப்படி தடை, ஆனாலும் ஆசை யாரை விட்டது? 2025 ஏப்ரலில் மாத்தோ க்ரோஸ்ஸோ தோ சுல் மாநிலத்துப் பந்தனாலில், ஆற்றோர மீன்பிடி இடம் ஒன்றின் காவலாளியை ஜாகுவார் அடித்துக் கொன்றது. பிரேசிலில் ஜாகுவார் மனிதனைக் கொல்வது மிக மிக அரிது. அதனால்தான் அந்த வட்டாரத்தில் யாராவது இரை போட்டுப் பழக்கினார்களா என்ற கேள்வி உடனே எழுந்தது. விடை எதுவானாலும் ஒன்று மட்டும் தெளிவு. இரை போடச் சொல்லிப் பணம் கொடுக்கும் பயணி மறுநாள் விமானம் ஏறிவிடுவான். ராத்திரி ஆற்றங்கரையில் தனியாகப் படுத்திருப்பது காவலாளி.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் போகாமலே இருந்துவிடுவது புண்ணியம்’ என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தனாலின் 95 விழுக்காடு நிலம் தனியாருடையது. பெரும்பாலும் மாட்டுப் பண்ணைகள். கன்றை ஜாகுவார் அடித்தால் பண்ணைக்காரர் துப்பாக்கியை எடுப்பார் என்பதுதான் அங்கே நெடுங்கால வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றியதில் படகேறி வந்த பயணிகளுக்கும் பங்கு உண்டு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, போர்ட்டோ ஜோஃப்ரே வட்டாரத்தில் ஜாகுவார் பார்க்க வருபவர்களால் ஆண்டுக்கு 68 லட்சம் டாலர் வருமானம் என்று கணக்கிட்டது. அதே பரப்பில் ஜாகுவார் அடிக்கும் மாடுகளால் ஏற்படக்கூடிய இழப்பு சுமார் 1.2 லட்சம் டாலர். கணக்குப் பார்த்தால் ஜாகுவார் உயிரோடு இருப்பதே ஊருக்கு லாபம்.

ஆனால் லாபம் போகும் பை வேறு, நட்டம் விழும் பை வேறு. விடுதிக்காரர் அறையை நிரப்புகிறார், பக்கத்துப் பண்ணைக்காரர் கன்றை இழக்கிறார். அந்த ஆய்விலேயே ஒரு யோசனையும் இருந்தது: பண்ணைக்காரரின் இழப்பீட்டைப் பயணிகளின் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடலாம் என்று. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் டிக்கெட் எடுப்பவருக்கு அது பெரிய சுமையாக இருக்காது. நம் ஏஜென்டுகள் விடுதி பதிவு செய்யும்போது, ‘பக்கத்துப் பண்ணைகளோடு உங்களுக்கு என்ன ஏற்பாடு?’ என்று ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டால் போதும். பத்து ஏஜென்டுகள் கேட்டால் பதினோராவது ஆள் கேட்பதற்கு முன்பே விடுதியில் பதில் தயாராக இருக்கும்.

2020-ல் பந்தனால் எரிந்தது. கால்பங்குக்கும் மேல் சாம்பல். படகுகள் சுற்றும் என்கோன்ட்ரோ தாஸ் ஆகுவாஸ் பூங்காவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. நேரடியாகத் தீயில் மடிந்த முதுகெலும்புள்ள உயிரினங்கள் 1 கோடியே 70 லட்சம் இருக்கும் என்று பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பாம்பு, ஓணான், எலி எல்லாம் சேர்த்துத்தான். ஆனாலும் எண் எண்தான். நான்கு பாதமும் வெந்துபோய் ஆற்றோரம் கிடந்த ஓர் ஆண் ஜாகுவாரை மீட்டு, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் மருந்து கட்டி, கழுத்தில் கருவி மாட்டித் திரும்பவும் அதே ஆற்றங்கரையில் விட்டார்கள். அதற்கு ‘ஓசாடோ’ என்று பெயர். துணிச்சல்காரன் என்று பொருள். அதைக் காப்பாற்றியது யாரோ ஒருவர் என்று சொல்ல முடியாது. படகு ஒருவருடையது, மயக்க ஊசி ஒருவர் கையில், கூண்டு இன்னொருவரிடம். தீ வைத்ததும் யாரோ ஒருவர் என்று சொல்ல முடியாது. வறட்சி, மேய்ச்சலுக்குப் புல்லைக் கொளுத்தும் பழக்கம், தாமதமாக வந்த அரசு எல்லாமே அதில் இருந்தன. அங்கே பொறுப்பு என்ற சொல்லை ஒருமையில் எழுதவே முடியாது.

சேர்ந்து பொறுப்பேற்பது எப்படி இருக்கும் என்பதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் அமேசானின் மேல்பகுதியில், தெஃபே நகருக்கு அருகே இருக்கும் மாமிராவா. மழைக்காலத்தில் காடு முழுதும் நீருக்குள் போய்விடும் இடம். 1990-களில் அதைக் காப்புக்காடாக்கியபோது, அங்கே குடியிருந்தவர்களைத் துரத்தாமல், அவர்களையே காவலாக்குவது என்று முடிவானது. உவாக்காரி என்ற சிவந்த முகக் குரங்கை ஆராயப் போன ஜோசே மார்சியோ ஐரெஸ் என்ற உயிரியலாளர்தான் அதற்கு முன்னின்றவர்.

அங்கே ‘பிராருக்கு’ என்றொரு மீன் இருக்கிறது. நம் ஊர் அலங்கார மீன் கடைக்காரர்கள் ‘அராபைமா’ என்று சொல்வது அதைத்தான். இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும். பிடித்துப் பிடித்து அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அமேசோனாஸ் மாநிலத்தில் அதைப் பிடிக்கவே தடை போட்டார்கள். தடையை மீறிப் பிடித்தார்கள். 1999-ல் மாமிராவாவில் வேறு வழி தேடினார்கள். பிராருக்கு காற்றைச் சுவாசிக்கும் மீன். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை மேலே நீட்டியாக வேண்டும். மீனவர்கள் ஏரியைப் பங்கு போட்டுக்கொண்டு ஓடங்களில் உட்காருவார்கள். பேச்சு கிடையாது. தண்ணீர் ‘புளக்’ என்று ஒரு சத்தம் போட்டு வட்டம் விரியும். அந்த வட்டத்தையும் முதுகின் நிறத்தையும் பார்த்தே பெரியதா சின்னதா, முன்பு வந்த அதே மீனா வேறா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நோட்டில் ஒரு கோடு. இப்படி எண்ணிய எண்ணிக்கையை ஆய்வாளர்கள் வலை போட்டுச் சரிபார்த்தபோது, கணக்கு ஒத்துப்போனது. எண்ணியதில் வளர்ந்த மீன்களில் 30 விழுக்காடு வரை பிடிக்கலாம், மிச்சத்தைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். மீன் பெருகியது. திருட்டு வலை போட வருபவனை விரட்ட ராத்திரி முறை வைத்துக் காவல் இருப்பதும் அதே மீனவர்கள்தான்.

மாமிராவாவில் பயணிகளுக்கு ஒரு மிதக்கும் விடுதி உண்டு. வேலை செய்பவர்கள் சுற்றியுள்ள கிராமத்தார். அங்கே உங்களுக்கு யாரும் எதையும் கேரண்டி தர மாட்டார்கள். பகலெல்லாம் ஓடத்தில் போய் ஒரு குரங்கின் வாலை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. நண்பரின் அட்டவணையில் மாமிராவா இல்லை. தூரம் அதிகம், நாள் போதாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனாவுஸ் இருக்கிறது. மனாவுஸ் வரியில் ‘ஸ்லாத் செல்ஃபி’ என்று மகள் தன் கையெழுத்தில் சேர்த்திருந்தாள்.

ஸ்லாத் நாளின் பெரும்பகுதி மரத்தில் தொங்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அதன் முகம் பிறவியிலேயே சிரித்த முகம். பயத்தில் விறைத்திருக்கும்போதும் சிரிப்பது போலவே இருக்கும். அதனால்தான் படத்தில் அழகாக விழுகிறது. மனாவுஸைச் சுற்றி ஆற்றோரக் குடிசைகளில் ஸ்லாத், அனகோண்டா, குட்டி முதலை எல்லாவற்றையும் கட்டிவைத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் படம் எடுக்கவைக்கும் தொழிலை 2017-ல் விலங்கு நல அமைப்பு ஒன்று வெளிக்கொண்டுவந்தது. அதே ஆண்டு இன்ஸ்டாகிராம், ஸ்லாத் செல்ஃபி போன்ற குறிச்சொற்களைத் தேடினால் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது. பிரேசிலின் 1998-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் குற்றச் சட்டப்படி காட்டு உயிர்களை அனுமதியின்றிப் பிடித்துவைப்பது குற்றம். குடிசைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சுலபம். அவருக்கு அன்றைய சோறு அதில்தான் இருக்கிறது. நாம் அந்தப் படகுத்துறையில் இறங்கவில்லை என்றால், வேறு எதிலாவது சோறு தேட வேண்டிய நிலை அவருக்கு வரும். அதனால் இறங்காமல் இருப்பதோடு வேலை முடிந்துவிடாது. அதே ஆற்றில், அதே கிராமத்து ஆளுக்குக் கூலி கொடுத்து, ஓடத்தில் வழிகாட்டச் சொல்லிப் போனால், அவர் தூரத்து மரக்கிளையில் ஒரு பழுப்புக் கட்டியைக் காட்டி ‘அதுதான்’ என்பார். அதைப் பைனாகுலரில் பார்ப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஸ்லாத்துக்கு நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்று சொல்லிவிடலாம். போத்து என்ற இளஞ்சிவப்பு ஆற்று டால்பின்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. 2023 செப்டம்பரில் வறட்சியில் தெஃபே ஏரி சுருங்கி, நீர் வெந்நீராக ஏறி, 40 டிகிரியைத் தொட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மனாவுஸ் துறைமுகத்தில் ரியோ நெக்ரோ ஆற்றின் நீர்மட்டம், 1902-ல் அளக்க ஆரம்பித்ததிலிருந்து காணாத அளவுக்குத் தாழ்ந்தது. அடுத்த ஆண்டே அதையும் தாண்டித் தாழ்ந்தது. நம் விமானப் புகைக்கும் அந்த ஏரிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் இவ்வளவு தூரம் ஒருமுறைதான் போவோம், போனால் ஊர் ஊராகத் தாவாமல் நின்று பார்ப்போம் என்று வைத்துக்கொள்ளலாம். நண்பரிடம் சொன்னதும் இதுதான்: ஆறு இடத்தை மூன்றாகக் குறையுங்கள். உள்நாட்டு விமானமும் பாதியாகும், ஜாகுவாருக்கும் மூன்று நாள் கிடைக்கும்.

கட்டுப்பாடு என்றாலே நமக்கு முகம் சுளிக்கிறது. பொனிட்டோவைப் பாருங்கள். பந்தனாலுக்குத் தெற்கே, கண்ணாடி போன்ற ஆறுகள் ஓடும் ஊர். 1990-களின் நடுவில் அங்கே ‘ஒற்றைச் சீட்டு’ முறை வந்தது. எந்த ஆறு, எந்த நேரம், எந்த வழிகாட்டி என்று எல்லாம் அந்த ஒரே சீட்டில் இருக்கும். நகராட்சிக்கு வரியும் அதிலேயே கணக்காகிவிடும். சீட்டு இல்லாமல் எந்த ஆற்றிலும் இறங்க முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான். பிராட்டா ஆற்றில் மிதக்கப் போகும்போது சன்ஸ்கிரீன், கொசு மருந்து எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது, வண்டல் கிளம்பிவிடும். முகம் குப்புற, கையை ஒட்டிவைத்துக்கொண்டு, ஆறு இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியதுதான். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் மீன்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் நீந்தும்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு காத்த அந்த ஆறே 2018 இறுதியில் மழைக்குப் பிறகு காபி நிறத்தில் ஓடியது. மேலே சோயா பயிரிட உழுத வயல்களிலிருந்து மண் கரைந்து வந்திருந்தது. பயணியின் சன்ஸ்கிரீனைத் துடைக்கச் சொன்ன ஊர், உழவரின் வரப்பைக் கவனிக்க மறந்திருந்தது. ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தால் ஆறு தெளிந்துவிடாது என்று பொனிட்டோக்காரர்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள்.

இனி நகரங்கள். ரியோவில் ஃபவேலா என்னும் மலைச்சரிவுக் குடியிருப்புகளைச் சுற்றிக்காட்டும் பயணங்கள் 1992-ல் நடந்த புவி உச்சி மாநாட்டுக் காலத்தை ஒட்டித் தொடங்கின. ரொசின்யா என்ற ஒரே ஃபவேலாவில் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். நாடு முழுவதும் ஃபவேலாக்களில் இருப்பவர்கள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் என்று 2022 கணக்கெடுப்பு சொல்கிறது. திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு, வாசலில் துணி காயப்போடும் பெண்ணை லென்ஸ் நீட்டிப் படம் எடுக்கும் காட்சியைப் பற்றி அங்கேயே கடுமையான விவாதம் உண்டு. காட்டில் மிருகத்தைத் துரத்திய அதே கண்தான் அது. ஃபவேலாவுக்குப் போகவே கூடாது என்பதல்ல. அங்கேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டியோடு, நடந்து, அங்குள்ள கடையில் சாப்பிட்டு, கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் அது விருந்தாளி போவது போல. அந்தப் பகுதியில் எந்தத் தெருவுக்கு இன்று போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். வழிகாட்டி, பயண நிறுவனம் எல்லாம் சுற்றுலா அமைச்சகத்தின் ‘கடாஸ்துர்’ பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நமக்கும் பாதுகாப்பு.

ரியோவில் எல்லோரும் ஏறுவது கோர்கோவாடோ மலை. உச்சியில் 1931-ல் நிறுவிய ஏசு சிலை. சிலையைப் பார்க்கத் திரும்பும் நாம் சிலைக்குக் கீழே இருக்கும் காட்டைப் பார்ப்பதில்லை. திஜுக்கா என்ற அந்தக் காடு மனிதர்கள் நட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மலைகளைக் காப்பித் தோட்டம் மொட்டையடித்துவிட்டது. ஊற்றுகள் வற்றின, நகரத்துக்குக் குடிநீர் இல்லை. 1861-ல் இரண்டாம் பெத்ரோ மன்னரின் அரசு மேஜர் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சரை மரம் நடப் பொறுப்பாக்கியது. ஆரம்பத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் ஆறு அடிமைகள். எலெவுத்தேரியோ, கான்ஸ்டான்டினோ, மனுவேல், மத்தேயுஸ், லியோபோல்டோ, மரியா. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கன்றுகள் நட்டார்கள்.

அடிமைமுறை பிரேசிலில் 1888-ல்தான் ஒழிந்தது. ரியோ துறைமுகத்தில் 2011-ல் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட வாலோங்கோ படித்துறையில் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள் என்று கணக்கு. அந்தக் கற்களுக்கும் திஜுக்காவின் நிழலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் ரியோவைச் சுற்றிக்காட்ட முடியாது. மரம் வந்தாலும் மிருகம் திரும்பி வரவில்லை. அகூட்டி என்ற கொறித்துண்ணியை 2010-லும், ஊளைக்குரங்கை 2015-லும் கொண்டுவந்து விட்டார்கள். அகூட்டி கொட்டைகளைப் புதைத்துவைத்துவிட்டு மறந்துவிடும், மறந்தது மரமாகும். நண்பரின் அட்டவணையில் ரியோவுக்கு மூன்று நாள் இருந்தது. திஜுக்காவுக்கு ஒரு காலை நேரம் சேர்க்கச் சொன்னேன்.

‘எங்கேயோ இருக்கும் நாடு, அவர்கள் காடு அவர்கள் பாடு’ என்று ஒரு வாசகர் கேட்கலாம். பிரேசில் நம் வீட்டுக்குள் வந்து நெடுநாளாகிறது. முந்திரியும் அன்னாசியும் மரவள்ளியும் போர்ச்சுகீசியர் கப்பலில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. அவர்கள் மொழியில் ஜன்னலுக்கு ‘ஜனெலா’, மேசைக்கு ‘மேசா’, சாவிக்கு ‘ஷாவி’. ரியோ விடுதியில் சாவியைத் தொலைத்தால் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அந்தத் தோட்டங்களில் விடியும் முன்பே கத்தியோடு பால் எடுக்கப் போனவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அந்த ரப்பர் சந்தைக்கு வந்ததும், 1896-ல் ஓபரா அரங்கம் திறக்கும் அளவுக்குச் செழித்திருந்த மனாவுஸ் படுத்துவிட்டது. நம் பாட்டன்மார் கேட்டுச் செய்ததல்ல. ஆனாலும் அந்த ஊரில் நடக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

மாடும் அப்படித்தான். பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மாடுகள். அமேசானில் அழிந்த காட்டின் பெரும்பகுதி இன்று மேய்ச்சல் நிலம். அங்கே மேயும் திமில் வைத்த வெள்ளை மாட்டுக்கு ‘நெலோரே’ என்று பெயர். அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்தான் அந்தப் பெயரின் ஊர், ஓங்கோல் இனம். பந்தனால் பண்ணைகளிலும் ஜாகுவார் அடிக்கும் கன்று பெரும்பாலும் அதுவே.

ஆக, நண்பர் அட்டவணையைத் திருத்தினார். சால்வடோரும் சாவ் பாவ்லோவும் போயின; வருத்தம்தான். ‘ஸ்லாத் செல்ஃபி’யை மகளே அடித்துவிட்டாள், கொஞ்சம் கோபத்தோடு. ‘கேரண்டி?’ இருந்த கட்டத்தில் இப்போது ‘படகு எத்தனை மீட்டர் தள்ளி நிற்கும் – கேட்க’ என்றிருக்கிறது. ஏஜென்டிடம் கேட்டபோது, ‘இதுவரை யாரும் கேட்டதில்லை சார், விசாரித்துச் சொல்கிறேன்’ என்றாராம். நேர்மையான பதில். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தொலைதூரப் பயணம் ஏற்பாடு செய்பவர்கள் ஒன்றுகூடி, மிருகத்தைக் கையில் கொடுக்கும் இடங்களுக்கு அழைத்துப் போவதில்லை, பார்ப்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை என்று இரண்டு முடிவு எடுத்தால், போட்டியில் யாருக்கும் நட்டம் வராது. தனி ஒருவர் மட்டும் எடுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால்தான் இதைச் சேர்ந்து செய்யச் சொல்கிறோம்.

ஒன்று பாக்கி. மஞ்சள் காய்ச்சல். 2016-18-ல் பிரேசிலின் தென்கிழக்கில் அது பரவியபோது, குரங்குதான் பரப்புகிறது என்று நினைத்து ரியோ வட்டாரத்தில் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். உண்மையில் கொசு கடித்து முதலில் சாவது குரங்கு. நமக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாகிறது. ஐம்பது ஆண்டு உழைப்பில் இருநூறு என்ற நிலையிலிருந்து 3,700 வரை ஏறிய பொன்சிங்கக் குரங்குகள் அந்தக் காய்ச்சலில் 2,500-ஆகக் குறைந்தன. பிறகு குரங்குகளுக்கே தடுப்பூசி போட்டார்கள். 2023-ல் 4,800 ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்பும். அது நம் தெருவெல்லாம் இருக்கிறது. அதனால்தான் பிரேசிலிலிருந்து திரும்புபவரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். இல்லை என்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் ஊசி போடுகிறார்கள். கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும்; ஒருமுறை போட்டால் சான்று ஆயுளுக்கும் செல்லும். ஊசி உங்களுக்கு மட்டுமல்ல, திரும்பி வரும்போது உங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்தச் சான்றான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள்.